பேச இடமில்லாத மெஷின்

எங்கள் அச்சகத்தில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டாளென்றால், சாயங்காலம் அதை அணைக்கிறவரை அந்த அறையில் பேச்சு ஓயாது. பாதி அவள் பேசுவது, பாதி மெஷின் பேசுவது. எது எந்தப் பாதி என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. "யாரும்மா உள்ள சண்டை போடுறது?" என்று தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருதரம் என்னிடம் கவலையாகவே கேட்டார்.

கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் போடுகிற அச்சகம் அது. பிரெயில், அதாவது தாளில் புடைத்து நிற்கிற புள்ளி எழுத்து. நான் பைண்டிங். மற்றப் புத்தகங்களைப் போல இதை அழுத்திக் கட்ட முடியாது. அழுத்தினால் புள்ளி செத்துப்போகும். முதுகுப் பக்கம் அட்டைப் பட்டை கொடுத்து, தாளுக்குத் தாள் மூச்சு விட இடம் வைத்துத் தைத்து, அப்புறம்தான் பசை. இத்தனை வருஷம் பார்த்த பிறகும் எங்கள் மேனேஜர், "கொஞ்சம் ஒல்லியா கட்டக் கூடாதாம்மா?" என்று கேட்பார். நானும் சரி சார் என்று சொல்லிவிட்டு என் இஷ்டத்துக்குத்தான் கட்டுவேன்.

ரேடியோவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பாடங்களை யாராவது கேசட்டில் வாசித்து அனுப்புவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவள் டைப் அடிப்பாள். கம்ப்யூட்டர் அதைப் புள்ளி எழுத்தாக மாற்றும். பக்கத்து அறையில் புள்ளி குத்துகிற மெஷின் கல் உடைக்கிற சத்தத்தோடு தாளைத் துப்பும். கம்ப்யூட்டருக்குப் பின்னால் செங்கல் அளவில் ஒரு பெட்டி இருந்தது. திரையில் என்ன வருகிறதோ அதை அந்தப் பெட்டி வாசித்துச் சொல்லும். குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை, தகரத்தில் ஆணியைத் தேய்த்த மாதிரி இருக்கும். அதையும் அவள் ஓட்டுகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அவளுக்கு அதுதான் கண்.

அவள் குடியிருந்தது ஒரு தையல்காரர் வீட்டு மாடியில், ஒற்றை அறை. நான் அடிக்கடி போவேன். ஸ்டவ், அதற்கு வலது பக்கம் தீப்பெட்டி, தீப்பெட்டிக்கு மேலே ஆணியில் இடுக்கி. உப்பு டப்பாவின் கழுத்தில் ஒரு நூல் கட்டியிருக்கும், சர்க்கரை டப்பாவுக்கு நூல் கிடையாது. ஒருநாள் டீ போட்டுவிட்டுத் தீப்பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டேன். அதற்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. "உன் வீட்டு அடுப்பத் தூக்கிட்டுப் போய் நான் வாசல்ல வெச்சா சும்மா இருப்பியா நீ?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூட வைக்கிற ஆட்கள் ரொம்பக் குறைவு. என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும்.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், மரக்கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுஷர். சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். அவர் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வராது. அதுதான் பெரிய குறை. ஒருதரம் அவளோடு நானும் அங்கே போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் குடிக்க எழுந்தாள். அண்ணன் ஒரு பக்கமிருந்து ஓடி வந்தார், அண்ணி ஒரு பக்கமிருந்து ஓடி வந்தாள். "எதுக்கும்மா எந்திரிக்கிற? கேட்டா எடுத்துக் குடுக்க மாட்டோமா?" என்றார் அண்ணன். அவள் உட்கார்ந்துகொண்டாள். சோற்றைக்கூடப் பிசைந்து கையில் கொடுக்காத குறைதான். இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு வந்தால், "என் கை ரெண்டும் எனக்கே மறந்துபோச்சுடி" என்பாள்.

தங்கச்சி தனியாக இருக்கிறாளே என்பதுதான் அவருக்குத் தீராத கவலை. "வேலைன்னு ஒண்ணு இருக்கு, சரி, நான் ஒண்ணும் சொல்லல. அது இல்லேன்னு ஆயிட்டா அதுக்கப்புறம் எங்க கூடத்தான்" என்று சொல்லிவைத்திருந்தார். அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள். அண்ணன் பேச்சுக்கு அவள் மறுபேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. ஆக, அச்சகத்தில் அந்த நாற்காலி இருக்கிறவரைக்கும் அவளுக்கு அந்த மாடி அறை. நாற்காலி போனால் அறையும் போய்விடும்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது, கணக்குப் பாட ரூபத்தில்.

கணக்கும் அறிவியலும் பிரெயிலில் வேண்டும் என்று பள்ளிக்கூடங்கள் கேட்க ஆரம்பித்தன. எங்களிடம் இருந்த பழைய புரோகிராமுக்குப் பின்னமும் தெரியாது, வர்க்கமூலமும் தெரியாது. தலைமை ஆபீஸிலிருந்து புது புரோகிராம் ஒன்றை அனுப்பினார்கள். எங்களுக்கு வழக்கமாக வருகிற கம்ப்யூட்டர்காரர் வந்து அதை ஏற்றினார். எப்போது பார்த்தாலும் அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது என்று பரபரக்கிறவர், ஆனால் நல்ல மனசு. ஏற்றி ஓடவிட்டால், 'நினைவகம் போதவில்லை' என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"மெமரிதான பத்தல? வாங்கிப் போட்டுடலாம்" என்றார் மேனேஜர். அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, இருந்ததைப் போல எட்டு மடங்கு வாங்கினார். கம்ப்யூட்டர்காரர் மூடியைத் திறந்து அதைச் செருகினார். திரும்ப ஓடவிட்டால் அதே வரி, எழுத்துப் பிசகாமல்.

"சார், நீங்க வீட்டு மேல மாடி மாடியா கட்டிட்டீங்க. வேண்டாங்கல" என்றார் கம்ப்யூட்டர்காரர், தலையைச் சொறிந்துகொண்டு. "ஆனா கறுப்புத் திரையில ஓடுற இந்த டாஸ் புரோகிராமுங்களுக்கு மாடிப்படி ஏறத் தெரியாது. எல்லாத்துக்கும் கீழ் ரூமுதான். அந்த ரூமு அறுநூத்து நாப்பது கேபி. என்னிக்கோ கட்டினது, அதே அளவுதான் இன்னிக்கும்."

"அப்ப மாடி எதுக்கு?" என்றேன் நான். கேட்டிருக்க வேண்டாம். மேனேஜர் முகம் சுண்டிப்போயிற்று.

"பேசுற புரோகிராம மேல ஏத்திடுங்களேன்" என்றார் அவர்.

"ஏத்திப் பாத்தேன் சார். மேல போனா ஊமையாயிடுது. கீழதான் இருக்கணும்னு அடம்பிடிக்குது."

விஷயம் இவ்வளவுதான். கீழ் அறையில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். புது புரோகிராம் உட்கார வேண்டுமென்றால், ரேடியோவுக்கு வாசித்துச் சொல்கிற குரல் எழுந்து வெளியே போக வேண்டும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

ரேடியோதான் பேசினாள். "குரல எடுத்துடுங்க சார். நான் ஓட்டிக்குறேன்."

"எப்படிம்மா ஓட்டுவ?"

"எந்தக் கீக்கு அப்புறம் எந்தக் கீன்னு மனப்பாடம் பண்ணிக்குறேன். சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க."

சொல்லிக் கொடுத்தார்கள், அவளும் பண்ணிக்கொண்டாள். டைப் அடிக்கிறவரைக்கும் குரல் இருக்கும். பாடத்தைப் புள்ளி எழுத்தாக மாற்றித் திருத்துகிற நேரம் வந்தால், மெஷினை அணைத்து, குரல் இல்லாமல் மறுபடி போடுவாள். கணக்குப் பாடத்தில் திருத்தம்தான் முக்கால் வேலை. அதனால் முக்கால் நாள் அந்த அறை ஊமை. சந்தேகம் வந்தால் சுவரைத் தட்டுவாள். நான் பசைக் கையோடு போய் நின்று திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லிவிட்டு வருவேன். "நீதான்டி இப்ப என் பெட்டி. ஆனா அதுகூட உன்ன மாதிரி இவ்வளவு மூச்சு வாங்காது" என்பாள். சிரிப்போம். ஆனால் அவளை ரேடியோ என்று கூப்பிடவே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

இது எத்தனை நாளைக்கு ஓடும்? ஒருநாள் நான் பைண்டிங் துணி எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்த நேரம், அவள் அறிவியல் பாடங்களை முடித்துப் பத்திரப்படுத்திவிட்டு, அடுத்ததற்கு வெற்று ஃபைல் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தாள். வழக்கமாகக் கேட்காத ஒரு கேள்வியைப் புரோகிராம் அன்றைக்குக் கேட்டிருக்கிறது. இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் மேலேயே எழுதட்டுமா என்று. கேள்வி திரையில் நிற்கிறது. அவளுக்குக் கேள்வி வந்ததே தெரியாது. அடுத்த படி என்று நினைத்து மனப்பாடமாக வைத்திருந்த கீயைத் தட்டினாள். மெஷின் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது. வாரக்கணக்கில் திருத்திய மூன்று பாடம் இருந்த ஃபைலின் மேல் வெறுமையை எழுதி மூடிவிட்டது.

பக்கத்து அறையில் புள்ளி குத்துகிற மெஷின் சத்தமே போடாமல் தாளைத் தள்ளியபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்திருக்கிறாள். அந்தத் தாள்களை அள்ளிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். "இதுல ஏதாவது இருக்கா? கண்ணுக்குத் தெரியுற மாதிரியாவது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லடி" என்றேன். பொய் சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

மேனேஜர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். "உன் மேல தப்பே இல்லம்மா" என்று மூன்று தரம் சொன்னார். "ஆனா பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. ஒரு ஆள் வேலைக்கு ரெண்டு பேர எத்தன நாள் நான் ஓட்ட முடியும்? கண்ணு தெரிஞ்ச ஒருத்தர தலைமை ஆபீசுலேருந்து அனுப்புறாங்க. திங்கக்கிழமை வந்துடுவாரு." அவள் முகத்தைப் பார்க்காமல், சன்னலைப் பார்த்துச் சொன்னார். எங்கே பார்த்துச் சொன்னாலும் அவளுக்கு ஒன்றுதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் என்ன தப்பு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சரி சார்" என்றாள் ரேடியோ. "நான் அழிச்சத நானே திரும்பப் போட்டு வெச்சுட்டுப் போயிடுறேன்."

அந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்தாள். மெய்ப்புப் பார்க்க முன்னால் எடுத்த புள்ளித் தாள்கள் என்னிடம் கட்டாமல் கிடந்தன. இடது கையால் அதை வாசித்துக்கொண்டே வலது கையால் டைப் அடித்தாள். இடையில் ஒருநாள், எந்தப் பேச்சும் இல்லாமல் திடீரென்று, "அண்ணன் சனிக்கிழமை வேன் கொண்டுவர்றாரு. மத்தியானம் இங்க வந்து என்னையும் ஏத்திக்கிட்டு, ரூமுக்குப் போய்ச் சாமானையும் ஏத்திக்கலாம்னாரு. எனக்குன்னு புதுசா கட்டில் வாங்கிட்டாராம்" என்றாள்.

"கட்டில்னா இடுப்புக்கு நல்லதுதான்" என்று நான் எதையோ உளறினேன்.

"நல்லதுதான்" என்றாள். இடது கை தாளின் மேல் நகரவே இல்லை.

சனிக்கிழமை வந்தது. பாடங்களைத் திரும்பப் போட்டாயிற்று, கடைசியாக ஒரு முறை மாற்றித் திருத்துவதுதான் பாக்கி. சுவரில் தட்டினாள். அட்டைக்குப் பசை தடவிய கையோடு ஓடினேன்.

"சீக்கிரம் கேளுடி. பசை போட்டுட்டு வந்திருக்கேன், பதினொண்ணே காலுக்குள்ள எடுக்கலேன்னா அட்டை பலகையோட ஒட்டிக்கும். இப்பவே பதினொண்ணு அஞ்சு."

அவள் கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தொட்டுப் பார்த்தாள். "பத்து அம்பத்தஞ்சுதான ஆகுது? உன் வாட்ச் பத்து நிமிஷம் முந்தி ஓடுது, சரி பண்ணி வெச்சுக்க."

"எனக்கு ஏதுடி வாட்ச்? பசைக் கையில எவளாவது வாட்ச் கட்டுவாளா? ஸ்கிரீன்ல ஓடுறதத்தான சொன்னேன்."

"ஸ்கிரீன்ல மணி ஓடுதா?"

"ஓடுதே. மேல வலது மூலையில. எப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அவள் கை கடிகாரத்தின் மேலேயே நின்றுவிட்டது. "எப்பவும்னா? பழைய புரோகிராம் ஓடுறப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீ எதத் திறந்தாலும் அது பாட்டுக்கு மூலையில இருக்கும். அதப் பாத்துத்தான நான் சாப்பாட்டுக்கே போவேன்."

"பாவி" என்றாள். என்னையா மெஷினையா தெரியவில்லை. "எத மூடினாலும் எதத் திறந்தாலும் போகாம இருக்குதுன்னா, அது கீழ் ரூமுலதான்டி உக்காந்திருக்கு. என் பெட்டி என்கிட்ட ஒரு நாள்கூட அதச் சொல்லலியே. மூலையில மாறிக்கிட்டே இருக்குறத வாசிக்காதன்னு அதுக்குச் சொல்லி வெச்சுட்டாங்களோ என்னமோ."

அப்புறம் நடந்ததை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். மெஷினை அணைத்துப் போட்டாள். "எந்திரிக்குறப்ப வரிவரியா ஏதோ ஓடும்ல, அதப் பூரா வாசி" என்றாள். எழுந்திருக்கிற நேரத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏதோ எழுத்து ஓடத்தான் செய்யும். அதை எவன் வாசிக்கிறான்? கண் தெரிந்த எங்களுக்கு அது வாசிக்க வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை. அவளுக்கோ, அவளுடைய குரல் எல்லோருக்கும் கடைசியாகத்தான் எழுந்திருக்கும். அதற்கு முன்னால் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று அதுவே பார்த்ததில்லை.

ஓடுகிற வேகத்துக்கு வாசிக்க முடியவில்லை. இரண்டாம் தரம் போட்டோம், மூன்றாம் தரம் போட்டோம். கடிகாரம் என்று ஒன்று வந்தது. மவுஸ் என்று ஒன்று வந்தது. "மவுசா?" என்றாள். "கண்ணு தெரியாதவளுக்கு எலி ஒண்ணுதான் கொறச்சல்." அப்புறம் ஃபேக்ஸ் என்று ஒன்று வந்தது. அந்த மெஷினுக்கு போன் லைனே கிடையாது. ஏதோ ஒரு கம்பெனி தன் ஆபீஸில் பழசாகிவிட்டது என்று எங்களுக்கு இலவசமாகத் தந்த மெஷின் அது. அவர்கள் வைத்திருந்த அத்தனையும், தங்கள் வேலை முடிந்தது தெரியாமல், கீழ் அறையில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தன. வராத போனுக்கு ஒன்று காவல் இருந்திருக்கிறது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், காலி செய்துவிட்டுப் போன பிறகும் இடத்தை விடாதவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதை எல்லாம் எழுப்பிவிடுகிற ஃபைல் ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் மெஷின் அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்று கம்ப்யூட்டர்காரர் எப்போதோ அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தார். போகிற நாளில் மெஷினையும் கெடுத்துவிட்டுப் போனாள் என்ற பெயர் வேண்டாம் என்று அவளுக்கு நடுக்கம். நான் நடைக்கு ஓடி, சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து அவருடைய கடைக்குப் போட்டேன். நல்லவேளை, அவரே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கடிகாரமா?" என்றார். "அதப் பாத்துத்தானம்மா நான் அடுத்த எடத்துக்குக் கெளம்புவேன்." அப்புறம் சிரித்தார், சந்தோஷச் சிரிப்பு இல்லை. "மவுசு எல்லா மெஷின்லயும் இருக்குமேன்னு விட்டுட்டேன். தப்புத்தான். அழிக்க வேண்டாம்னு சொல்லுங்க. அந்த வரிக்கு முன்னால ரெம்னு போடச் சொல்லுங்க, மெஷின் அத வாசிக்காம தாண்டிப் போயிடும். ஒத்துவரலேன்னா திரும்ப எடுத்துக்கலாம்."

அவர் என்னிடம் சொல்ல, நான் நடையிலிருந்து கத்த, அவள் உள்ளே தட்ட, தகரக் குரல் அதைத் திரும்ப வாசிக்க, நாலு பேர் சண்டை போடுகிற மாதிரிதான் இருந்திருக்கும். முதலில் கடிகாரத்தையும் மவுஸையும் தூங்க வைத்தாள். மெஷினைப் போட்டாள். எழுந்தது. குரலும் எழுந்தது. புது புரோகிராமைக் கூப்பிட்டாள்.

நினைவகம் போதவில்லை.

இந்தத் தடவை அதை நான் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியே வாசித்தது.

"அந்த ஃபேக்ஸையும் தூக்குங்க" என்றார் போனில் அவர். நான் கத்தினேன். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் மெஷின் மறுபடி எழுகிற சத்தம். போனை அப்படியே தொங்கவிட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். அவள் கடைசிக் கீயைத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை கறுப்பாக இருந்தது. பிறகு பலகையைப் போல ஏதோ விரிந்தது. தகரக் குரல் புது புரோகிராமின் பெயரை வாசித்தது. பின்னாலேயே, என்ன செய்ய வேண்டும், எதைத் தட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனது.

அவள் அழவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசிக்க வைத்துக் கேட்டாள். நான்தான் அழுதேன். பசைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் இமை ஒட்டிக்கொண்டது வேறு கதை. பலகையில் போட்டுவிட்டு வந்த அட்டையும் ஒட்டிக்கொண்டு வீணாகத்தான் போயிற்று, போகட்டும்.

என் கூச்சலைக் கேட்டு மேனேஜர் வந்து வாசலில் நின்றார். அவள் அழிந்துபோன பாடத்தில் முதலாவதை எடுத்துத் திருத்தி, பத்திரப்படுத்தினாள். பாதியில் புரோகிராம் அதே கேள்வியைக் கேட்டது. பெட்டி வாசித்தது. அவள் இல்லை என்று தட்டி வேறு பெயர் கொடுத்தாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை வர்றவர என்னன்னு சொல்றது..." என்று இழுத்தார்.

"வர வேண்டாம்னு சொல்லுங்க சார். ஒத்த வார்த்தை" என்றேன். அவர் நடைக்குப் போனார். தொங்கிக்கொண்டிருந்த போனில் கம்ப்யூட்டர்காரர் இன்னும் காத்துக்கொண்டிருந்தாராம். அவரிடம் பேசி முடித்துவிட்டு, தலைமை ஆபீஸுக்குப் போட்டார். திரும்பி வந்து, "வர வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ வேலையப் பாரும்மா" என்றார்.

அவர் போன பிறகும் ரேடியோ முகம் தெளியவில்லை. "அண்ணன் இந்நேரம் கெளம்பியிருப்பாரு" என்றாள். "ஆசை ஆசையா வருவாரு. போகலேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

"வேலை இருக்குற வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னாருல்ல?"

"பாவம் பாத்து வெச்சிருக்காங்கன்னுதான் நெனப்பாரு. அப்படி ஒரு எடத்துல நீ இருக்க வேண்டாம்மான்னு சொல்லுவாரு. வான்னு கூப்பிட்டா நான் போயிடுவேன்டி. அவருகிட்ட எனக்கு வாய் வராது."

மத்தியானம் வேன் வந்து நின்றது. அண்ணன் வழக்கம்போல வெளிக் கேட்டிலேயே நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் உள்ளே வந்ததே இல்லை, தங்கச்சி வேலை செய்கிற இடத்தில் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது என்று. நான்தான் போய்க் கூப்பிட்டேன்.

"உள்ள வாங்கண்ணா."

"இல்லம்மா, அவளே வரட்டும். இன்னிக்கோட முடியுது, மனசு ஒரு மாதிரி இருக்கும்."

"அவளுக்கு இன்னும் வேலை முடியல. வாங்க."

செருப்பை அறை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். உள்ளே தகரக் குரல் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. ரேடியோவின் இரண்டு கையும் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. காலடியை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டாள். "வாங்கண்ணா. இந்தப் பாடத்த மட்டும் முடிச்சுக்குறேன்" என்றாள். குரலில் பயம் இருந்தது. கை நிற்கவில்லை.

அவர் பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவள் விரல்களைப் பார்த்தார். "இவ்வளவு வேகமா யாரும்மா பேசுறது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அவ மெஷின்தாண்ணா. அவளுக்கு வாசிச்சுச் சொல்லுது."

"அவளுக்குப் புரியுதா?"

"அவளுக்கு மட்டும்தான் புரியுது."

பக்கத்து அறையில் புள்ளி குத்துகிற மெஷின் ஓடத் தொடங்கியது. தாள் மடிப்பு மடிப்பாகத் தரையில் இறங்கியது. அவள் எழுந்து, மேஜை விளிம்பைத் தொட்டு, கதவைத் தாண்டி அதனிடம் போனாள். அண்ணன் பின்னாலேயே போய், தாள் சரிகிறதே என்று குனிந்து பிடிக்கப் போனார்.

"தொடாதீங்கண்ணா, வரிசை கலைஞ்சுடும்" என்றாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். அவள் தாளின் ஓரத்தைப் பிடித்து ஒரு வரியைத் தடவினாள், அடுத்த வரியைத் தடவினாள், ஓர் இடத்தில் நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்து எதையோ திருத்தினாள். அவர் சுவரோரம் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட வந்த மனுஷர், கூப்பிடாமல், அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பைண்டிங் மேஜைக்குப் போகவில்லை.

வேன் டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். அப்புறம் அவரே இறங்கி வந்து வாசலில் நின்றார். "சார், நேரமாவுது. சாமான் எங்க இருக்கு? போய் ஏத்திடலாமா?"

ரேடியோவின் விரல் கீயின் மேல் நின்றுவிட்டது. பெட்டியும் பாதி வார்த்தையில் நின்றது. அவள் திரும்பவில்லை, முதுகு மட்டும் நிமிர்ந்தது.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்.

"சாமான் ஒண்ணும் இல்லப்பா" என்றார். "தங்கச்சி வேலை செய்யுறதப் பாக்க வந்தேன். அவளுக்கு இன்னும் முடியல. நீ வண்டிய எடுத்துட்டுப் போ, நான் பஸ்ல வந்துக்குறேன்."